வாளையாரின் பல்லும் நரியின் கழுத்தணியும்

அன்பரே, ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் விடை சொல்லும். அரும்பாடுபட்டு நீர் இழுத்துவந்த ஏதோ ஒன்று, கைக்கு எட்டும் நேரத்தில் அறுந்துபோனது உண்டல்லவா? அது எந்த இடத்தில் அறுந்தது என்று என்றைக்காவது முனையை எடுத்துப் பார்த்தீரா?

பார்த்திருக்க மாட்டீர். நம்மில் பலர் விதியை வைதுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறோம். ஒரு நாமக்கோழி பார்த்தது. அதன் கதையைக் கேளும்.

ஆலமரக் காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. கோடையில் சுற்றியிருந்த குட்டைகளெல்லாம் வெடித்துக் கிடக்க, அதில் மட்டும் நீர் நின்றது. அந்த நீருக்குள் ஓர் ஆள் நீளத்தில் ஒரு வாளை மீன் வாழ்ந்தது. அதன் வாய் நிறைய ஊசிப் பற்கள். விலங்குகள் அதை 'வாளையார்' என்றே அழைத்தன. பல் நீண்டால் மரியாதையும் நீளும் அல்லவா!

நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட நீர்ப்பறவையான வெண்ணுதலி என்னும் நாமக்கோழி அம்மடுவின் கோரைப்புல்லில் ஒன்பது குஞ்சு பொரித்தது. ஆறு குஞ்சுகளை வாளையார் விழுங்கிவிட்டார். மீதி மூன்றுக்கும் இன்னும் சிறகு முளைக்கவில்லை. பறந்து போக வழியில்லை. நடந்து போக வேறு நீரில்லை.

வெண்ணுதலி ஆலமரத்துக் குரங்கிடம் ஓடியது. மீன்பிடிக்க வந்த மனிதர்கள் மறந்துவிட்டுச் சென்ற தங்கூசி என்னும் தூண்டில் நரம்புச் சுருள் ஒன்றும், நான்கு தூண்டில் முட்களும் குரங்கிடம் இருந்தன.

"அண்ணா! வாளையாரைப் பிடித்துத் தாருங்கள். மீன் முழுவதும் உங்களுக்கே!"

"எனக்கு எதற்கடி மீன்? நான் பழம் தின்பவன்! ஆனாலும் கை அரிக்கிறது. பிடித்துவிடுவோம்!" என்றது குரங்கு.

கரையில் ஒற்றைக்காலில் நின்ற நாரை, கேளாமலே ஆலோசனை வழங்கியது. "நரம்பு கண்ணாடிபோல் மெல்லியதாக இருக்கவேண்டும். மீன் கண்ணுக்கு அது தெரியவே கூடாது. நான் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிப்பவன்!"

"தூண்டிலிலா, ஐயா?"

"அலகில். ஆனால் தத்துவம் ஒன்றுதான்!"

குரங்கு முள்ளில் ஒரு செத்த கெண்டையைக் குத்தி, தங்கூசியை வீசியது. வாளையார் ஒரே வாயில் கவ்வினார். குரங்கு இழுத்தது. 'டப்'பென்று நரம்பு கையோடு வந்தது.

"நரம்பு மெல்லியது!" என்றது குரங்கு.

"நான் அப்போதே நினைத்தேன்," என்றது நாரை.

மறுநாள் குரங்கு, மாட்டுவண்டியிலிருந்து விழுந்த பச்சை நைலான் கயிற்றை எடுத்துவந்தது. அதை ஆலங்கிளையில் கட்டித் தானும் தன் மனைவியும் மைத்துனனுமாகத் தொங்கிப் பார்த்தது. கயிறு அசையவில்லை. "யானையையே இழுக்கலாம்!" என்று மார்தட்டியது.

வாளையார் கயிற்றைப் பார்த்தார். நீருக்குமேல் தலையை நீட்டிச் சிரித்தார்.

"என்ன நாமக்காரம்மா! நேற்று கண்ணாடி நரம்பு, இன்று பச்சைக் கயிறு. நாளைக்குப் பட்டுநூல் கொண்டுவாருங்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்துகொள்கிறேன்!"

கெண்டையைக் கவ்வினார். 'நறுக்'! கயிற்றின் நுனி குஞ்சம்போல் பிரிந்து மேலே வந்தது. வாளையார் மூழ்கினார். எல்லோரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், கோரையோரம் நீர் குமிழியிட்டது. மூன்று குஞ்சுகள் இரண்டாயின.

"நாள் சரியில்லை," என்றது நாரை.

"என் பிள்ளையைத் தின்றது நாள் அல்ல, ஐயா! வாய்!" என்று அலறியது வெண்ணுதலி.

அழுத கண்ணோடு அது அறுந்த நரம்பையும் அறுந்த கயிற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இரண்டிலும் முள் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண்தான் போயிருந்தது. மேலே ஐம்பது முழமும் கீறலின்றி இருந்தது.

"அண்ணா! நீங்கள் தொங்கிப் பார்த்த இடம் எதுவும் அறவில்லை. வாய்க்குள் போகும் சாண்தான் அறுந்திருக்கிறது. நூல் மெலிந்ததால் அறவில்லை. பல் பட்டதால் அறுந்திருக்கிறது! பல்லுக்கு மசியாத ஒரு சாண் நமக்கு வேண்டும்."

அவ்வேளையில் தண்ணீர் குடிக்க நரி வந்தது. அதன் கழுத்தில் ஒரு கம்பி மின்னியது. சிங்கராஜா தனக்குச் சூட்டிய வீரப்பதக்கம் என்று நரி சொல்லும். அந்தக் காட்டில் சிங்கமே இல்லையே என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. நரிக்குக் கோரைப்பல்லும் ஒன்று குறைவு. புலியோடு பொருதபோது போயிற்றாம்.

வெண்ணுதலி கம்பியை உற்றுப் பார்த்தது.

"மாமா, உங்கள் பதக்கத்தில் பல் தடம் இருக்கிறதே! அது யாருடைய பல்?"

"புலியின் பல்!"

"புலிப்பல் இவ்வளவு சின்னதா?" என்றது குரங்கு.

"அடே குரங்கே! வாலை அடக்கிப் பேசு!"

"மாமா," என்றது வெண்ணுதலி, "நான் சிரிக்கமாட்டேன். எனக்கு இரண்டே பிள்ளைகள் மிச்சம். உண்மையைச் சொல்லுங்கள். கடித்துப் பார்த்தீர்களா?"

நரி தணிந்த குரலில் சொன்னது:

"தொங்கும் முனையை மூன்று நாள் கடித்தேன். வேடன் கண்ணியில் வைத்த சைக்கிள் பிரேக் கம்பி இது. பல்தான் உடைந்தது, கம்பி உடையவில்லை. கடைசியில் கம்பி கட்டிய முளை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டதால் தப்பித்தேன். போதுமா?"

குரங்கு சிரிக்க வாயைத் திறந்தது. வெண்ணுதலி அதன் காலை ஒரு கொத்துக் கொத்தியது.

"மாமா! காடு முழுவதும் தேடினாலும் இதைவிட நல்ல சாண் கிடைக்காது. தாருங்கள்! வாளையார் தலை முதல் வால் வரை உங்களுக்கே."

"பதக்கம் போய்விட்டால் என்னை யார் மதிப்பார்கள்?"

"இப்போதும் உன்னை யாரும் மதிக்கவில்லை, மாமா," என்றது குரங்கு. "கழுத்தைக் காட்டு!"

நரி கழுத்தைக் காட்டியது. குரங்கு முறுக்கைப் பிரித்துக் கம்பியை எடுத்தது. நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம்.

"இவ்வளவுதானா! ஐம்பது முழத்துக்கும் கம்பி வேண்டாமா?" என்று நாரை உதட்டைப் பிதுக்கியது, உதடு இல்லாததால் அலகைப் பிதுக்கியது.

"பல் ஐம்பது முழத்துக்கா இருக்கிறது, ஐயா?" என்றது வெண்ணுதலி.

முள்ளைக் கம்பியில் முறுக்கினார்கள். கம்பியைத் தங்கூசியில் கட்டினார்கள். கண்ணில் உறுத்தும் கயிற்றை எறிந்துவிட்டார்கள். கெண்டை நீரில் இறங்கியது.

"ஓகோ! பழைய நரம்பேதானா?" என்று சிரித்துக்கொண்டே வாளையார் கவ்வினார். கடித்தார். மீண்டும் கடித்தார். சிரிப்பு நின்றது.

"இழுத்தால் விடு! தளர்ந்தால் சுற்று!" என்று வெண்ணுதலி கத்தியது. குரங்கு விட்டது, சுற்றியது, விட்டது, சுற்றியது. வெயில் உச்சிக்கு ஏறியபோது வாளையார் சேற்றில் கிடந்தார்.

"நாமக்காரம்மா! நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே!"

"ஏழு பிள்ளைகளைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசுங்கள்," என்றது வெண்ணுதலி.

நரி பேச்சுவார்த்தைக்கு இடம் வைக்கவில்லை. தின்று முடித்தபின் தலையை வலப்புறம் திருப்பியது, இடப்புறம் திருப்பியது. கம்பி மாட்டிய நாளிலிருந்து அது வலப்புறம் பார்த்ததே இல்லை. "அடடா, அந்தப் பக்கமும் காடு இருக்கிறதே!" என்றது. கோரைப்புல்லில் இரண்டு குஞ்சுகள் முதன்முறையாக மடுவின் நடுவரை நீந்தின. "நான் சொன்ன மெல்லிய நரம்புதான் வென்றது," என்று நாரை இன்றுவரை சொல்லித் திரிகிறது.

பல் படும் இடத்தில்தான் உறுதி வேண்டும். அங்கே கட்டவேண்டிய கம்பியைப் பதக்கமென்று கழுத்தில் மாட்டித் திரிவது பேதைமை.

அன்பரே, அறுந்த நுனியை இன்றே எடுத்துப் பாரும். நாளை என்று சொல்லாதீர். வெண்ணுதலியின் மூன்று குஞ்சுகள் மறுநாளே இரண்டாயின. உம் கோரைப்புல்லில் எத்தனை மிச்சமென்று எனக்குத் தெரியாது. பொழுது சாயுமுன் எழுந்து, கழுத்தில் கிடப்பதைக் கழற்றும்!