அலை கொடுத்த வேகம்

ஒரு காட்டு ஏரியில் மரகதம் என்ற வாத்து தன் இரண்டு குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. மூத்தது சீனி. இளையது பொட்டு. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. பொரித்த வாரத்திலேயே அதைப் பருந்து தூக்கிப் போய்விட்டது.

அன்றிலிருந்து மரகதம் வானத்தைப் பார்த்தபடியேதான் நீந்தும். பொட்டுவைத் தன் வாலை ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளும். சீனி பக்கவாட்டில், நன்றாகத் தள்ளி வரும்.

"அம்மா, நானும் பின்னால் வரட்டுமா?"

"இங்கே ஒருத்தனுக்குத்தான் இடம். நீ பெரியவள். அப்படியே வா!"

கோடை வந்தால் அந்த ஏரியின் கரையோரம் வற்றிவிடும். நரி நடந்தே உள்ளே வந்துவிடும். அதற்குள் வாத்துகள் எல்லாம் நடு ஏரியில் இருக்கும் நாணல் திட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பெரியவை பறந்து போகும். சிறகு முளைக்காத குஞ்சுகள் நீந்தித்தான் போக வேண்டும். கூட்டமாகப் போனால் பருந்தின் கண்ணில் படும். அதனால் ஒவ்வொன்றாக, தன்னந்தனியாகப் போக வேண்டும். அதுதான் அந்த ஏரியின் வழக்கம்.

குஞ்சுகளுக்கு நீச்சல் பழக்க ஒரு நீர்க்காகம் இருந்தது. எல்லாம் அதை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மாஸ்டர் பட்ட மரத்தின் உச்சியில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டே பார்க்கும். தாய்க்கும் குஞ்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது? மாஸ்டரின் கணக்கு அவ்வளவுதான்.

"பொட்டு! பிரமாதம்!" என்று மாஸ்டர் கத்தியது. "அம்மா வாலை விட்டு ஒரு சாண்கூட விலகவில்லை! மூச்சும் வாங்கவில்லை! இப்படி ஒரு பையனை இந்த ஏரியில் நான் பார்த்ததே இல்லை!"

"நான், மாஸ்டர்?" என்று சீனி இரைக்க இரைக்கக் கேட்டது.

"நீயா? உடம்பை வளைத்து உழைக்கணும், பாப்பா! தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொள்!"

பொட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "அக்கா, நீ தண்ணீரோடு சண்டை போடுகிறாய். நான் வழுக்கிக்கொண்டு போகிறேன். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!"

மரகதத்துக்கு நிம்மதியாக இருந்தது. சின்னவன் எப்படியும் தப்பித்துக்கொள்வான்.

ஒரு நாள் மதியம் தவளை ஒன்று தாமரை இலையிலிருந்து கூப்பிட்டது.

"மரகதம் அக்கா, ஒன்று சொல்வேன். கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"மூழ்கின மரத்தடியில் விரால் இருக்கிறதே, அது கெளுத்தியிடம் பேசிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் எந்தக் குஞ்சைப் பிடிக்கலாம் என்று. உன் பையனைத்தான் சொல்லிற்று."

மரகதத்தின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "பொட்டுவையா? ஏரியிலேயே வேகமானவன் அவன்தானே! மாஸ்டரே சொன்னாரே!"

"மாஸ்டர் மரத்து மேலிருந்து பார்க்கிறார். விரால் கீழே இருந்து பார்க்கிறது. நீயும் ஒரு தடவை தலையை உள்ளே விட்டுப் பாரேன்."

"நான் குனிகிற நேரம் பார்த்துப் பருந்து வந்துவிட்டால்?"

"வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். என் கண்தான் உச்சந்தலையில் இருக்கிறதே!"

மரகதம் குஞ்சுகளோடு புறப்பட்டது. பாதி வழியில் சட்டென்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பின்னால் பார்த்தது.

தூரத்தில் சீனியின் கால்கள் விறுவிறுவென்று அடித்துக்கொண்டிருந்தன. பொட்டுவின் கால்கள் இரண்டும் அல்லித்தண்டு மாதிரி சும்மா தொங்கின. எப்போதாவது லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான். இன்னும் கீழே, இருட்டில், இரண்டு கண்கள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

மரகதம் பதறிப்போய்த் தவளையிடம் திரும்பி வந்தது. "உதைக்கவே இல்லையே அவன்! பின்னே எப்படி என்னோடு வருகிறான்?"

"நீ போகும்போது உன் பின்னால் அலை எழும்புகிறது இல்லையா? அதில் சரியான இடத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். நீ உதைக்கிறாய், அலை அவனைத் தள்ளுகிறது. தள்ளி வருகிறவளுக்கு அது எட்டவில்லை. அவள் சொந்தக் காலில் வருகிறாள்."

"அப்படியென்றால் அவனை நான் அனுப்பவே மாட்டேன்! இங்கேயே இருந்துவிடுகிறோம்!"

"இரேன். நரிக்கு நீச்சல்கூடத் தேவைப்படாது!"

மறுநாள் காலையில் மரகதம் பொட்டுவைப் பக்கவாட்டில் அனுப்பியது. தன் அலை படாத தூரத்துக்கு.

"அம்மா! இன்றைக்குத் தண்ணீர் கெட்டியாக இருக்கிறது!"

"தண்ணீர் அதேதான்."

"யாரோ என்னைப் பின்னால் இழுக்கிறார்கள், அம்மா!"

"யாரும் இழுக்கவில்லை. இத்தனை நாள் நான் தள்ளினேன். இன்றைக்குத் தள்ளவில்லை."

பொட்டு அழுதது. மரகதம் இரண்டு முறை அதன் முன்னால் போகத் திரும்பியது. இரண்டு முறையும் அந்தத் தொங்கிய கால்கள் ஞாபகம் வந்தன. விலகிப் போயிற்று.

"என்ன மரகதம் இது! நன்றாக இருந்த பையனைக் கெடுத்துவிட்டாயே!" என்று மாஸ்டர் மரத்திலிருந்து கத்தியது.

பயத்தில் மரகதம் இன்னொரு தப்பும் செய்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பொட்டுவை ஓயாமல் நீந்த வைத்தது. சில நாளிலேயே பொட்டுவின் உதை முன்னைவிடத் தளர்ந்தது. வேறு வழியில்லாமல் மரகதம் அதை ஒரு நாள் முழுக்கத் தூங்க விட்டது. எழுந்து வந்த பொட்டு பலமாக உதைத்தது!

அதன்பிறகு மரகதம் அளந்துதான் விட்டது. கொஞ்ச தூரம் முழு வேகம். பிறகு நின்று மூச்சு வாங்குதல். மறுபடி வேகம். கால் நடுங்கினால் அன்றைக்கு அதோடு சரி. தம்பிக்குப் பக்கத்தில் சீனி போனது.

"வாடா தூங்குமூஞ்சி! என்னைப் பிடி பார்க்கலாம்!"

"பிடித்தால் என்ன தருவாய்?"

"முதலில் பிடி!"

பொட்டு ஒரு நாளும் பிடிக்கவில்லை. ஆனால் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது.

போக வேண்டிய நாள் வந்தது. மரகதம் பறந்து போய் நாணல் திட்டில் நின்றது. சீனி முதலில் வந்து சேர்ந்தது. அடுத்தது பொட்டு. ஏரி நடுவில் அது மிகச் சின்னதாகத் தெரிந்தது.

கீழே விரால் கெளுத்தியிடம் சொன்னது: "பார்த்துக்கொண்டே இரு. கால் தொங்கும். ஒரே கடி!"

கால் தொங்கவில்லை. காத்திருந்து பார்த்த விரால் பொறுமை இழந்து கீழிருந்து பாய்ந்தது. பொட்டுவுக்கு அடியில் தண்ணீர் கறுத்தது. முன்னால் அம்மாவின் வால் இல்லை. தள்ளிவிட அலையும் இல்லை. பொட்டு உயிரைக் கொடுத்து உதைத்தது. விராலின் வாயில் கால்சவ்வின் ஓரத் துணுக்கு ஒன்றுதான் சிக்கியது.

"சீ! ஆளை மாற்றிவிட்டார்கள்!" என்று விரால் அதைத் துப்பியது.

பொட்டு இரத்தம் கசியும் காலோடு நாணலுக்குள் விழுந்தது. மாஸ்டர் மேலே வட்டமடித்துக்கொண்டே உதட்டைப் பிதுக்காத குறையாகச் சொன்னது:

"பிழைத்தான், சரி. ஆனால் எவ்வளவு மெதுவாக வந்தான்! முன்னே இருந்த வேகம் எங்கே போயிற்று?"

"அது என் வேகம், மாஸ்டர். இதுதான் அவனுடையது," என்றது மரகதம். பிறகு குனிந்து, கிழிந்த காலைத் தன் அலகால் துடைத்துவிட்டது.

பிள்ளையைத் தன் பலத்தில் கூட்டிக்கொண்டு போகிற தாய், அது தனியே போக வேண்டிய நாள் வருவதற்குள் சற்று விலகி நின்று, அதன் சொந்த பலம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.