முன்வரிசையில் ஒரு பரிசல்

காட்டு ஏரியின் நாகமரத் துறையில் ஒரு குரங்கு பரிசல் விட்டுக்கொண்டிருந்தது. ஏரிக்கு எதிர்க்கரையில் நாவல் தோப்பு. முயலோ அணிலோ முள்ளம்பன்றியோ, யாராயிருந்தாலும் குரங்கின் பரிசலில் ஏறித்தான் அங்கே போக வேண்டும்.

ஏறும்போது "அண்ணே, வணக்கம்!" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குப் பரிசலில் தண்ணீர் தேங்கிய இடம்தான் கிடைக்கும். அது குரங்கு போட்ட சட்டம். யார் கேட்க முடியும்? பரிசல் அதனுடையது.

ஒரு நாள் காலை ஏரியே அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது. டபடபடபவென்று ஒரு சிவப்பு மோட்டார் படகு வந்தது. அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது கரடி! மலைத்தேன் விற்றுச் சேர்த்து, பட்டணத்தில் வாங்கி வந்த படகாம். பக்கவாட்டில் 'தேன்ராணி' என்று பெயர் எழுதியிருந்தது.

அவ்வளவுதான், துறையில் இருந்த கூட்டமெல்லாம் படகைப் பார்க்க ஓடியது. பரிசலில் ஏறி உட்கார்ந்திருந்த முயல்கூடக் குதித்து இறங்கி ஓடியது. குரங்குக்கு அன்று ஒரு வணக்கம்கூடக் கிடைக்கவில்லை.

குரங்குக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, மேலே பானை வைத்தால் சோறு பொங்கியிருக்கும்!

"உட்கார மெத்தை வேறயா இதுக்கு!" என்று முணுமுணுத்தது. பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் ஒரு நீலத் தொப்பி தொங்கியது. "தொப்பி வேற! அந்தப் பூசணிக்காய்த் தலைக்கு அது பத்துமா? பகட்டு, வெறும் பகட்டு!"

ஆனால் குரங்கின் வயிறு சீக்கிரமே குளிர்ந்தது. ஏனென்றால் கரடிக்குப் படகை ஓட்டத் தெரிந்ததே தவிர, கரையில் சேர்க்கத் தெரியவில்லை!

முதல் தடவை பயந்துபோய் பாதி வழியிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டது. படகு நட்டாற்றில் விட்டது போல நின்றது. கரடி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளித் தள்ளிக் கரைக்கு வந்தது. அடுத்த தடவை ஒரு கால் படியில், ஒரு கால் படகில். படகு நகர்ந்தது. கால்கள் அகன்றன. இன்னும் அகன்றன. தொபுக்கடீர்! அதற்கடுத்து, முளைக்குச்சியில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே படகைக் கிளப்பி, முளைக்குச்சியையும் பிடுங்கிக்கொண்டு போனது. இதெல்லாம் போதாதென்று, திரும்பி வரும்போதெல்லாம் துறையைத் தவறவிட்டு இடப்பக்கச் சேற்றில் போய்ச் சொருகியது.

"ஹிஹிஹி! படகு வாங்கினா ஆச்சா? கரை சேர்க்க ஒரு யோகம் வேணும்!" குரங்கு கிளையில் தொங்கிக்கொண்டு சிரித்தது.

கரடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அது நல்ல பிள்ளை. குரங்கிடமே வந்து நின்றது.

"அண்ணே, நடு ஏரியில ராஜா மாதிரி ஓட்டுறேன். கரை பக்கம் வந்தா கை காலெல்லாம் உதறுது. பௌர்ணமிக்குத் தோப்பு விருந்துக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்னு வேற சொல்லிட்டேன். நீங்கதான் சொல்லித் தரணும்!"

குரங்குக்குத் தெரியாத விஷயமா? கரைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, படகை ஊர்ந்து வர விட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்காது. ஆனால் குரங்கு மனதுக்குள் வேறு கணக்குப் போட்டது. 'இவன் கத்துக்கிட்டா பௌர்ணமிக்கு என் பரிசலை யார் சீண்டுவா? அதுக்கப்புறம் யார் எனக்கு வணக்கம் சொல்லுவா?'

"தம்பி, உனக்கு வேகம் பத்தலை!" என்றது குரங்கு. "அன்னைக்கு நடுவழியில நின்னியே, எதனால? பயந்து நிறுத்தினதால! துறை கண்ணுல பட்டதும் கைப்பிடியை முழுசா முறுக்கு. படிகிட்ட வந்ததும் தானா நிக்கும்!"

"நிக்குமா அண்ணே?"

"கரை இருக்கே! நிக்காம எங்கே போகும்?"

கரடி நம்பியது. "நீங்களும் கூட வந்து பக்கத்துல உட்காருங்களேன்!"

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு, போப்பா!"

"சரிண்ணே. நாளைக்கு ஒத்திகை பார்த்துட்டு வந்து, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கரடி போனது.

மறுநாள் குரங்குக்கு ஒரே கொண்டாட்டம். "வாங்க, வாங்க! கரடியார் சேத்துல குளிக்கப் போறார்!" என்று காடு முழுக்கத் தண்டோரா போட்டது. பிறகு தன் பரிசலை இழுத்து வந்து, தண்ணீர் ஓரப் படியில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தது. நன்றாகப் பார்க்க வேண்டாமா?

"அண்ணே, பரிசலை இப்படி வழியில போட்டிருக்கீங்களே. இடிச்சிட்டா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"அவனாவது, துறைக்கு வர்றதாவது! என்னைக்கு நேரா வந்திருக்கான்? இடது பக்கம் சேத்துலதான் சொருகுவான். இங்கே உட்கார்ந்தாத்தான் நல்லாத் தெரியும்!"

பாவம், குரங்குக்கு ஒன்று தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்கக் கரடி ஏரி நடுப் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, படகை நேராகத் திருப்பப் பழகியிருந்தது.

டபடபடப! தேன்ராணி வந்தது. துறை கண்ணில் பட்டதும் கரடி கைப்பிடியை முழுசாக முறுக்கியது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. இடது பக்கம் போகவில்லை. வலது பக்கம் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரடி நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது!

"ஏய்! நிறுத்து! அடக்கு! அடக்குடா!" என்று குரங்கு அலறியது. இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? குரங்கு கிளைக்குத் தாவிய மறுகணம்...

படார்!

பரிசல் அப்பளமாக நொறுங்கியது. மூங்கில் பத்தைகள் படியெல்லாம் சிதறின. படகும் மூக்கு நசுங்கிப் படியில் ஏறி நின்றது. கரடி உருண்டு வந்து கூட்டத்தின் காலடியில் விழுந்தது.

"அண்ணே!" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே எழுந்தது கரடி. "நீங்க சொன்ன மாதிரியே முழுசா முறுக்கினேனே! தானா நிக்கலையே!"

கூட்டம் மொத்தமும் குரங்கைத் திரும்பிப் பார்த்தது.

கரடி படகுக்குள் தடவி அந்த நீலத் தொப்பியை எடுத்தது. நனைந்திருந்தது. பிழிந்துகொண்டே சொன்னது:

"இது என் தலைக்குப் பத்தாதுண்ணே. உங்க தலைக்குன்னு பார்த்து வாங்கினது. பௌர்ணமியிலிருந்து இந்தப் படகை நீங்கதான் ஓட்டணும்னு கேக்க வந்தேன். உங்களை விட்டா இந்த ஏரியில கரை சேர்க்கத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

குரங்கு தொப்பியைப் பார்த்தது. நொறுங்கிக் கிடந்த பரிசலைப் பார்த்தது. அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரடி தொப்பியைத் திரும்பக் கொக்கியிலேயே மாட்டிவிட்டது.

அப்போது முள்ளம்பன்றி முன்னால் வந்தது. "கரடியாரே, நான் பரிசல்ல போகும்போதெல்லாம் பார்த்திருக்கேன். கரை வர்றதுக்கு முன்னாடியே இவரு துடுப்பை மேல தூக்கிடுவாரு. அப்புறம் பரிசல் தானா ஊர்ந்து வரும். நீங்களும் அதையே செஞ்சு பாருங்க!"

கரடி அப்படியே செய்து பழகியது. பௌர்ணமியன்று நசுங்கிய மூக்கோடு தேன்ராணி மெல்ல ஊர்ந்து வந்து, படியில் பூப்போல ஒட்டி நின்றது.

எல்லோரும் ஏறினார்கள். கடைசியாகக் குரங்கும் வந்தது. விருந்துக்குப் போக அதற்கு வேறு வழி ஏது?

"அண்ணே, வணக்கம்!" என்று கரடியைப் பார்த்து மெல்லச் சொன்னது. மெத்தையில் இடமில்லை. தண்ணீர் தேங்கிய ஓர் ஓரம்தான் மிச்சம் இருந்தது. அங்கே உட்கார்ந்து, கொக்கியில் ஆடிய நீலத் தொப்பியைப் பார்த்தபடியே அக்கரை வரை போனது.

அடுத்தவன் கவிழ்வதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடிக்கும் பொறாமைக்காரன்தான் முதலில் இடிபடுவான்.