இருபது மாலுமிகளைப் பந்தியில் உட்காரவைத்த கதை

முன்னொரு காலத்தில் கடல்மங்கலத்தை உத்துங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு ஆசை, சாயங்காலம் ஒரு கோபம், அதுதான் அவன் ராஜ்யபாரம். மிச்ச வேலையெல்லாம் மந்திரி பரவை நாச்சியார் தலையில்.

ஒருநாள் ஸ்பானியக் கப்பல் ஒன்று கரைக்கு வந்தது.

"மூன்றாம் நாள் விருந்து. இருபது மாலுமிகளையும் அவர்கள் பாஷையிலேயே அழைத்து, உட்காரவைத்து, சாப்பிடவைக்க வேண்டும். ஜெயிப்பவருக்கு மந்திரி முத்திரை," என்றான் ராஜா.

முத்திரைமேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்த சபைப் பண்டிதர் வாகீச பட்டருக்கு வாயெல்லாம் பல். "நாச்சியார் அடுப்படியில் ஓய்வெடுக்கட்டுமே."

"எடுக்கிறேன், பட்டரே. உமக்கு வேளாவேளைக்கு வடித்துக்கொட்ட ஆள் வேண்டாமா?"

பட்டர் அகராதியோடு கதவைச் சாத்திக்கொண்டு எழுநூறு சொற்களை உருப்போட்டார். 'வா', 'உட்கார்' என்று ஏவல் வந்த இடத்தையெல்லாம் மை பூசி அழித்தார். ராஜா முன்னால் ராஜாவைத் தவிர யாரும் யாரையும் ஏவக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

நாச்சியாரோ துறைமுகத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கப்பல் தலைவன் போடும் சத்தத்தைக் கவனித்தாள். அவன் சொன்னால் உடனே நடக்கிறது. அர்த்தத்துக்கு அகராதி எதற்கு? ஒருவனைக் கூப்பிட 'வெங்கா', கூட்டத்தைக் கூப்பிட 'வெங்கான்'.

விருந்தன்று கப்பல் தலைவன் முன்னால் நிற்க, அவனோடு சேர்த்து இருபது மாலுமிகளும் வாசலில் நின்றார்கள். பட்டர் நிலா, கழுதை, வெங்காயம் என்று ஸ்பானியத்தில் பொழிந்தார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒரு கால் நகரவில்லை. சோறு ஆறியது.

"உள்ளே வரச் சொல்லுமேன்," என்றான் ராஜா.

"மன்னர் முன் அடியேன் ஏவலாமா? அந்தச் சொற்களை அழித்துவிட்டேன்."

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"நானும் ஏவ முடியாது, மகாராஜா. ஏவுகிற வாய் இங்கே ஒன்றுதான்," என்று நாச்சியார் அவன் காதில் நாலு சொற்களைப் போட்டாள்.

"வெங்கா," என்றான் ராஜா. கப்பல் தலைவன் மட்டும் வந்தான்.

"அது ஒருவனுக்கு, மகாராஜா. மற்றவர்கள் பட்டினியா?"

"வெங்கான்." அத்தனை பேரும் வந்தார்கள். "சியேந்தென்சே." உட்கார்ந்தார்கள். "கோமான்." இருபது கைகள் இலையில் விழுந்தன.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் சபையில் பத்துத் தடவை சொன்னாலும் ஒருத்தன் அசையமாட்டான். முத்திரை உன்னிடமே இருக்கட்டும், நாச்சியாரே. பட்டரே, நீர் பரிமாறும். இன்றைக்கு உம்மை ஏவும் உரிமை விருந்தாளிகளுக்கும் உண்டு."

"த்ராய்கா," என்றான் ஒரு மாலுமி. 'கொண்டுவா' என்ற அந்தச் சொல்லையும் மை பூசி அழித்திருந்த பட்டர் விழித்தார். அவன் காலிக் கிண்ணத்தைக் காட்டியதும் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அடுத்தவன் "த்ராய்கா" என்றான். அப்புறம் அதற்கடுத்தவன்.

இருபதாமவன் வாயைத் திறப்பதற்குள் பட்டர் பாயச வாளியோடு வந்துகொண்டிருந்தார்.