வில்லங்கம்

“கோபப்படக் கூடாதுன்னு மட்டும் சொல்லிராதிய, சாமி,” என்றாள் ஆவுடையம்மாள்.

சாமி மடத்து வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். சாமியைவிடப் பத்து வயது மூத்தவள். ஓய்வுபெற்ற பிறகு வியாழக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள். இன்றைக்குக் கேட்க வரவில்லை.

“வீட்டு மராமத்தைக் கண்டிராக்டர் ராஜபாண்டிகிட்ட விட்டேன். பேசின பணத்தை முழுசாக் குடுத்துட்டேன். அவன் டைல்ஸ் போட்ட சொரிமுத்துக்குக் கூலி குடுக்காம ஊரைவிட்டே ஓடிட்டான். அதுக்கு நான் என்ன செய்ய?”

“சொரிமுத்து என்ன செஞ்சான்?”

“என் வீட்டு மேல கேஸ் போட்டுட்டான். நேத்து மகளுக்கு வீட்டை எழுதிவைக்கலாம்னு பத்திர ஆபீசுக்குப் போனா, வில்லங்கம் இருக்குங்காங்க. விக்கக் கூடாது, எழுதக் கூடாதுன்னு கோர்ட்டுத் தடை. என் பிள்ளை எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நின்னா, சாமி.”

அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை.

சொரிமுத்து கை விளங்காமல் போகட்டும் என்றாள். அவன் போட்ட தரையைக் கடப்பாரையால் பெயர்த்து அவன் வாசலிலேயே கொட்டுவேன் என்றாள். கோர்ட்டை ஏசினாள். வக்கீலை ஏசினாள்.

பிறகு சாமியின் பக்கம் திரும்பினாள்.

“ஆறு வருஷமா பொறுமை, பொறுமைன்னு சொன்னியளே. அதைக் கேட்டுத்தான் ராஜபாண்டி பணம் கேட்டப்பல்லாம் தலையாட்டினேன். நீங்களும் ஒரு ஏமாத்துக்காரர்தான்.”

கீரைத் தட்டைக் காலால் தள்ளினாள். கீரை மண்ணில் சிதறியது.

சாமி நிமிர்ந்தார். அவர் முகமும் சிவந்திருந்தது.

“உங்க வீட்டு வேலையை நானாம்மா பார்த்தேன்?”

“இல்லை.”

“பணத்தை வாங்கிட்டு ஓடினது?”

“நீங்க இல்லை.”

“பின்னே என்னை எதுக்கு ஏசுதிய?”

“வேற யாரை ஏச? அந்தப் படுபாவி கையில சிக்க மாட்டேங்கான். நீங்கதான் இங்கன உட்கார்ந்திருக்கிய.”

சாமி குனிந்து கீரையைப் பொறுக்கத் தொடங்கினார்.

“சொரிமுத்துக்கு உங்க வீடும் அப்படித்தாம்மா, இருந்த இடத்துலயே இருக்கு,” என்றார்.

ஆவுடையம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

சொரிமுத்துவின் வீட்டுக் கதவைத் தட்டும்போதும் அவள் கோபம் தணிந்திருக்கவில்லை. அவன் கதவைப் பாதிதான் திறந்தான். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே இரண்டு முழங்காலும் காய்த்துக் கறுத்திருந்தன.

“கேஸை வாபஸ் வாங்க மாட்டேம்மா.”

“வாங்கச் சொல்லி நான் வரலை.”

“பின்னே?”

“ராஜபாண்டி மாமியார் வீடு உனக்குத் தெரியுமா?”

“சுரண்டைப் பக்கம். ரெண்டு தடவை போனேன். கூலிக்காரப் பய உனக்கு என்ன ஆதாரம் இருக்குன்னு வாசல்லயே விரட்டிட்டாங்க.”

ஆவுடையம்மாள் கைப்பையைத் திறந்து காட்டினாள். பணம் வாங்கியதற்கு ராஜபாண்டி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீதுகள் இருந்தன.

“எங்கிட்ட இது இருக்கு. வழிதான் தெரியாது.”

சொரிமுத்து ரசீதுகளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கதவை முழுசாகத் திறந்தான்.

“உள்ளே வந்து உட்காருங்கம்மா. சட்டையைப் போட்டுட்டு வாரேன்.”