பதிவேட்டில் செத்துப்போன யோஸ்

நானூறு வருஷத்துக்கு முன்னால் ஃபிளாண்டர்ஸ் நாட்டில், ஹாசபேக் என்ற ஊரில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் யோஸ். அடுத்து லீவன், கில்லிஸ், பவுல்ஸ். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு பண்ணை, ஒரு மாடு. மூளையும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். அதிலும் பெரும்பங்கு மாட்டிடம் இருந்தது.

ஒருநாள் பிரபுவின் காரியஸ்தர் வந்து நின்றார்.

"பண்ணை யோஸ் பேர்ல இருக்கு. காட்டைத் திருத்தி இதை உண்டாக்கின மத்தேயுஸோட வம்சம்தான் யோஸ்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். மாதா கோயில்ல பிறப்பு இறப்பு எழுதற பதிவேட்டுல இருக்கறதுதான் உண்மை. உங்க வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன்."

அந்த மண்ணை விட்டால் யோஸுக்குப் போக்கிடம் கிடையாது.

நால்வரும் கோயிலுக்கு ஓடினார்கள். சாமியார் வெளியூர் போயிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் பவுல்ஸ் ஒருவன்தான்.

"மத்தேயுஸ் மகன் யான், அது நம்ம தாத்தா. யான் மகன் கொர்னேலிஸ், அது நம்ம அப்பா. கொர்னேலிஸோட தலைப்பிள்ளை யோஸ்."

யோஸ் துள்ளிக் குதித்தான். பவுல்ஸ் அடுத்த வரியைப் படித்துவிட்டுப் பதிவேட்டை மெல்ல மூடினான்.

"அண்ணே, நீ செத்துட்டே."

"நல்லாப் பாருடா!"

"பார்த்துட்டேண்ணே. பொறந்து மூணாவது வாரம்."

யோஸ் தன்னையே கிள்ளிப் பார்த்தான். "வலிக்குதேடா!"

"வலிக்குதுங்கறது உன் வாய்ச்சொல்லு," என்றான் கில்லிஸ். "அதைத்தான் காரியஸ்தர் நம்ப மாட்டேன்னுட்டாரே."

யோஸ் யோசித்தான். "அதான் எனக்குக் கால் எப்பவும் ஜில்லுன்னே இருக்கு" என்று தேம்பி அழுதான். "சாகறது பரவாயில்லைடா. பண்ணை போகுதே, அதுதான் தாங்கலை."

லீவனுக்கு வேறு கவலை. "செத்தவனை நாப்பது வருஷம் புதைக்காம வச்சிருந்தோம்னு தெரிஞ்சா ஊர்ல காறித் துப்புவாங்க."

கொட்டகைக் கதவைக் கழற்றிச் சவப்பெட்டி செய்தார்கள். யோஸ் படுத்து அளவு கொடுத்தான். தோள் பக்கம் கொஞ்சம் இறுக்குகிறது என்று சொன்னதும் அகலமாக்கிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை யோஸை உள்ளே படுக்கவைத்துப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆனால் மூன்று பேர் தூக்க, நாலாவது மூலை தரையில் இழுபட்டது. சவமாக இருந்தாலும் யோஸ் மூத்தவன் அல்லவா? இறங்கி வந்து அந்த மூலைக்குத் தோள் கொடுத்தான். உடனே பெட்டி லேசாகிவிட்டது என்று தம்பிகளுக்கு ஒரே ஆச்சரியம்.

கோயில் வாசலில் சாமியாரும் காரியஸ்தரும் நின்றிருந்தார்கள்.

"யாருப்பா செத்தது?" என்றார் சாமியார்.

"நான்தான் சாமி" என்று யோஸ் பணிவாகத் தொப்பியைக் கழற்றினான்.

கதையைக் கேட்ட சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "மடப்பசங்களா! முதல் பிள்ளை செத்தா அடுத்த பிள்ளைக்கும் அதே பேரை வைக்கறது நம்ம ஊர் வழக்கம்டா. செத்தது உன் அண்ணன். நீ ரெண்டாவது யோஸ். அதுக்கும் அடுத்த வரியைப் படிக்கலையா?"

"துக்க நேரத்துல என்னத்தைப் படிக்கறது, சாமி?" என்றான் பவுல்ஸ்.

பதிவேடு வந்தது. காரியஸ்தர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, பண்ணை யோஸுக்கே என்று கையெழுத்துப் போட்டார். யோஸ் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டான். பிறகு நால்வரும் மறுபடி பெட்டியைத் தூக்கிக் கல்லறைப் பக்கம் நடந்தார்கள்.

"இன்னும் எங்கடா போறீங்க?"

"அண்ணனை அடக்கம் பண்ண, சாமி."

"மூணு வாரக் குழந்தைக்கு ஆறடிப் பெட்டி எதுக்குடா?"

படித்த மனுஷர் இப்படிக் கேட்கிறாரே என்று யோஸுக்குப் பரிதாபமாகிவிட்டது.

"அவன் செத்து நாப்பத்தோரு வருஷம் ஆகுது சாமி. இதுக்குள்ள வளர்ந்திருக்க மாட்டானா?"