பிங்கி போனதும் ஏறியது, வந்ததும் ஏறியது

ஃபேன் ஒன்றுதான். அதைக் கேட்டு வந்து நின்றவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அன்று மத்தியானம் தலைமையாசிரியர் நாச்சிமுத்துவுக்கு மோர் குடிக்கக்கூட முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

திருப்பூரை ஒட்டி, பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளி அது. ஐந்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஏ பிரிவில் இருபத்தோரு பேர். ஒருத்தியைத் தவிர எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். பி பிரிவில் பத்தொன்பது பேர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு வீட்டில் ஒரு மொழி, புத்தகத்தில் இன்னொரு மொழி. அரையாண்டுத் தேர்வில் ஏ பிரிவின் சராசரி அறுபது. பி பிரிவின் சராசரி முப்பது.

ஏ பிரிவில் இருந்த அந்த ஒருத்தி பிங்கி குமாரி. முதல் வகுப்பிலிருந்தே இங்கே படிக்கிறவள். தேர்வில் நாற்பது வாங்கியிருந்தாள். அந்தப் பிரிவில் அதுதான் கடைசி.

தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒருவர் எழுந்து, “அந்த இந்திக்காரப் புள்ளையாலதானுங்க எங்க கிளாஸு கீழ எறங்குது” என்றார். ஒரு பிள்ளை குறைவாக வாங்கினால் பக்கத்துப் பிள்ளையின் மார்க் எப்படிக் குறையும் என்று நாச்சிமுத்து கேட்டிருக்கலாம். அவருக்குச் சண்டை என்றால் ஆகாது. “பார்க்கலாமுங்க” என்றார்.

அதே கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு கம்பெனி முதலாளி, மேசைமேல் ஒரு சீலிங் ஃபேன் பெட்டியை வைத்து, “படிப்புல முன்னேறுற கிளாஸுக்கு இதை மாட்டிக் குடுங்க சார்” என்றார். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தில் நாச்சிமுத்துவுக்கும் உற்சாகம் பிறந்து, “அடுத்த ரிப்போர்ட்டுல எந்தப் பிரிவோட சராசரி ஏறுதோ, அந்தப் பிரிவுக்குத்தான் ஃபேன்!” என்று அறிவித்துவிட்டார். ஏறினால் ஏதோ ஒன்றுதான் ஏறும் என்பது அவர் நினைப்பு. மறுநாள், புகார் சொன்னவரைச் சமாதானப்படுத்த, பிங்கியின் பையை பி பிரிவுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

பொங்கல் வந்து போனது. ஆசிரியர்களை வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தால் விளையாட்டு விழா. அது முடிவதற்குள், ‘பிரிவுவாரியாக இன்றைய சராசரியை உடனே அனுப்புக’ என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. நாச்சிமுத்து கைவசம் இருந்த மார்க்குகளை எடுத்து, இன்று யார் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படிக் கூட்டி வகுத்தார். ஏ பிரிவு அறுபத்தொன்று. பி பிரிவு முப்பதரை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தார். அதேதான்.

கல்வி அதிகாரி போனிலேயே பூரித்துப் போனார். “ரெண்டு பிரிவும் ஏறிடுச்சே! வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன்.”

சேதி பரவியது. முதலில் வந்தவர் ஏ பிரிவின் சுலோசனா டீச்சர். “முழுசா ஒரு மார்க்கு ஏறியிருக்குதுங்க சார். ஃபேனை எப்ப மாட்டறீங்க?”

பின்னாலேயே பி பிரிவின் ஆரோக்கியசாமி வந்தார். “எங்களுக்கும் ஏறியிருக்குதுங்க.”

“அரை மார்க்குங்களா? வெளிய சொல்லிறாதீங்க, சிரிப்பாங்க.”

“அறுபதுக்கு ஒண்ணுன்னா முப்பதுக்கு அரைதானுங்களே? கணக்கு நீங்கதானே எடுக்கறீங்க டீச்சர்?” ஆரோக்கியசாமி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். “எங்க ரூம்பு ஆஸ்பெஸ்டாஸ் கூரை சார். மத்தியானம் சாக்பீஸே வேர்க்குது.”

“வெயிலைப் பார்த்தா குடுக்கறாங்க? மார்க்கைப் பார்த்துத்தானே குடுக்கறாங்க! அந்தப் பிங்கி போனதும் என் கிளாஸ் ஏறிருச்சு.”

“அவ வந்ததும் என் கிளாஸும் ஏறிருச்சு.”

வாசலில் ஒரு சிரிப்புக் கேட்டது. பிங்கியின் அம்மா ரேகா தேவி, கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடி வந்து நின்றிருந்தாள். இந்த ஊர்த் தமிழ் அவள் நாக்கில் எப்போதோ படிந்துவிட்டது.

“ஏனுங் சார், எம்புள்ள போனாலும் லாபம், வந்தாலும் லாபமுங்களா? அப்ப ஃபேனை எங்க வீட்லயே மாட்டிருங்க.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஃபேன் கெடக்குதுங்க. மாத்துன நாள்ல இருந்து புள்ள சரியா சோறு திங்கறதில்ல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்லட்டும்? பழைய பெஞ்சுலயே உட்கார வெச்சிருங்க சார்.”

“ஐயோ, வேண்டாங்க சார்!” என்றார்கள் ஆசிரியர்கள் இருவரும், அன்று முதல்முறையாக ஒரே குரலில்.

அவர்கள் பயம் நியாயம்தான். பிங்கி திரும்பினால் இரண்டு சராசரியும் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். திருப்பாவிட்டால், செய்யாத தப்புக்கு ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறாள்.

படித்துக்கொண்டு வந்தவரே, நீங்கள் நாச்சிமுத்துவின் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுங்கள்: மூவரில் அந்த ஃபேனைச் சம்பாதித்தவர் யார்? பிங்கி திரும்பிப் போனால் நஷ்டப்படப் போகிறவர் யார்?

விடை: இரண்டுக்கும் ஒரே பதில்தான்: ஒருவருமில்லை. இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவில் பரீட்சையே நடக்கவில்லை. பிங்கியின் நாற்பது அறுபதுக்குக் கீழே, முப்பதுக்கு மேலே. அதனால் அவள் விட்ட வகுப்பும் ஏறியது, தொட்ட வகுப்பும் ஏறியது. நாற்பது பேரின் மார்க்கையும் சேர்த்துக் கூட்டினால் அன்றும் ஆயிரத்து எண்ணூற்று முப்பது, இன்றும் அதுவே. யாரும் ஓர் எழுத்துக்கூடப் புதிதாகக் கற்கவில்லை. இதைப் புரிந்துகொண்ட நாச்சிமுத்து, பிங்கியை அன்றே பழைய பெஞ்சுக்கு அனுப்பினார். ஃபேனை மார்க்குக்காக இல்லாமல் கூரைக்காக பி பிரிவில் மாட்டினார். வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, இரண்டு பிரிவும் எப்படி ஒரே வாரத்தில் சரிந்தன என்று கேட்டார். நாச்சிமுத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்ப அடுத்த மாசம் யாரை மாத்தலாம்னு இருக்கீங்க?”