கழுகுக் கப்பலின் முதுகு

கரிச்சான் குருவிகளின் கிரகத்தில் ஒரே ஒரு குளம்தான் உண்டு. குளத்தைச் சுற்றிக் காடு, காட்டில் எருமைகள், எருமைகளின் முதுகில் கரிச்சான்கள். வெளியே போய்வர ஆளுக்கொரு விண்கப்பல் வைத்திருந்தன. கப்பல் என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். வாலை மடக்கிக்கொண்டால்தான் கதவு மூடும்.

அந்தக் குளத்தின் மேல் கழுகுகளுக்குக் கண் விழுந்தது. மலை போன்ற ஒரு போர்க்கப்பலில் வந்து காட்டுக்கு மேலே உயரத்தில் நின்றன.

"மூணு நாள்ல குளத்தை உறிஞ்சி எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். அதுக்குள்ள வேற இடம் பாத்துக்கங்க" என்று அறிவித்தது தளபதிக் கழுகு.

குளக்கரை மரத்தில் மொட்டைவாலி என்ற குருவியும் அவள் கணவன் செங்கண்ணனும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் மூன்று முட்டைகள். குளம் போனால் காடு காய்ந்துவிடும், குஞ்சுகள் பிழைக்காது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் கப்பலில் இடமில்லை.

முதல் நாள் செங்கண்ணன் படை நடத்தினான். "யாரும் கிட்டப் போகாதீங்க. தூரத்துல நின்னே சுடுவோம்" என்றான். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் குருவிகள் எய்த கதிர், கழுகுக் கப்பலைத் தொடும்போது வெறும் வெயிலாகிவிட்டது. கழுகுகளின் பீரங்கிகளோ நின்ற இடத்திலிருந்தே ஆறு கப்பல்களைப் பொசுக்கின.

மிஞ்சியவர்கள் குளக்கரைக்குத் திரும்பினார்கள். மொட்டைவாலிதான் முதலில் கேட்டாள்.

"அந்தப் பீரங்கியெல்லாம் எந்தப் பக்கம் பாக்குது?"

"வெளிப்பக்கம்தான். வேற எங்க பாக்கும்?" என்றான் செங்கண்ணன்.

"அப்ப நாம அந்தக் கப்பலோட முதுகுலயே போய் உக்காந்தா?"

குருவிகள் சிரித்துவிட்டன. "எருமை முதுகுல உக்கார்ற மாதிரியா?" என்று கேட்டது ஒன்று.

"அதே மாதிரிதான். கொம்பு எவ்வளவு நீளமா இருந்தாலும் முதுகுல இருக்கிற நம்மள எருமை குத்தினதே இல்லையே."

சிரிப்பு நின்றது.

"உக்காந்துட்டா சரி. அது வரைக்கும்?" என்றான் செங்கண்ணன்.

"அதுதான் கஷ்டம். நடுவழியிலதான் பீரங்கிக்கு நாம நல்லாத் தெரிவோம். அங்க நிக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது. சிதறிப் பறந்து சீக்கிரமா போயிடணும்."

இரண்டாம் நாள் முப்பது கப்பல்கள் புறப்பட்டன. நடுவழியைத் தாண்டியபோது ஒரு கதிர் செங்கண்ணனின் கப்பலை உரசிக்கொண்டு போனது.

"என்னால முடியல. நான் வீட்டுக்குத் திரும்பிடறேன்" என்றான் அவன் கப்பல் வானொலியில்.

"திரும்பாதீங்க. வந்த வழி முழுக்கப் பீரங்கி உங்களையே பாத்துக்கிட்டிருக்கும். இங்கிருந்து முதுகுதான் பக்கம்!" என்று மொட்டைவாலி கெஞ்சினாள்.

அவன் கேட்கவில்லை. திரும்புவதற்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தான். பீரங்கிக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்ற இருபத்தொன்பது பேரும் கழுகுக் கப்பலின் முதுகில் இறங்கினார்கள். பீரங்கிகள் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தன. நடுமுதுகு அரித்தால் நமக்குக் கை எட்டுகிறதா? அந்தக் கதிதான் அவற்றுக்கும். குருவிகள் கப்பலின் தகட்டைத் துளைக்க ஆரம்பித்தன. உள்ளே இருந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

"சுடுங்கடா!" என்று கத்தியது தளபதி.

"சுட்டா நம்ம கப்பல்தான் ஓட்டையாகும், தளபதி" என்றது பீரங்கிக்காரக் கழுகு.

தளபதி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "குருவிகளே, எறங்கிடுங்க. நாங்க போயிடறோம்."

"எறங்கி மறுபடி உங்க கண்ணுல படவா?" என்றாள் மொட்டைவாலி. "முதல்ல பீரங்கியெல்லாம் கழட்டி வெளிய போடுங்க."

ஒவ்வொன்றாகப் பீரங்கிகள் வெளியே வந்து விழுந்தன. கடைசிப் பீரங்கி விழுந்த பிறகே குருவிகள் இறங்கின. கழுகுகள் வந்த வழியே திரும்பிப் போயின.

அந்த வாரமே முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளுக்கும் மொட்டைவாலி தனியாகவே இரை தேடினாள். துக்கம் அவளை விட்டுப் போகவில்லை. செங்கண்ணன் ஒரு கோழை என்று ஒரு குருவி சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"அவர் கோழை இல்ல. பாதுகாப்பு பின்னாடி இருக்குன்னு நினைச்சிட்டார். அது முன்னாடி இருந்துச்சு" என்றாள்.

வலியவரை எதிர்க்கத் துணிந்த எளியவர்க்குப் பாதி வழியே பேராபத்து; புறப்பட்டுவிட்டால், நெருங்கிப் போய்விடுவதே பாதுகாப்பு.